செவன்-இலெவன் பெயர்ப்பலகையின் ஈற்று னகரம்: ஓர் எழுத்துருவியல் ஆய்வு

உலகத்தில் 80,000-க்கும் மேற்பட்ட கடைகளின் நெற்றியில் ஒரே பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. பச்சைச் சட்டத்துக்குள் பெரிய ஏழு ஒன்று. அதன் தலைக்கோடு ஆரஞ்சு, உடம்பு சிவப்பு. குறுக்கே பச்சை எழுத்தில் இலெவன் என்ற ஆங்கிலச் சொல். சிங்கப்பூர், கோலாலம்பூர்த் தமிழர்கள் இதன் கீழே மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள், நடுநிசியில் பசியாறியிருக்கிறார்கள். மும்பை அந்தேரியில் 2021 அக்டோபரில் இந்தியாவின் முதல் கிளையும் திறந்தாயிற்று. ஆனால் அந்தப் பச்சை எழுத்து எந்த எழுத்துரு என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. பால் வாங்கப் போனவர்கள் பாலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்த அவலத்தைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வு எல்லை: முதலில் கடை முழுவதையும் ஆராய்வதாகத்தான் திட்டம். நெறியாளர் எல்லையைச் சுருக்கச் சொன்னார். பெயர்ப்பலகையோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் சுருக்கச் சொன்னார். சொல்லில் நின்றேன், அதுவும் அகலம் என்றார். கடைசி எழுத்து ஒன்றில் வந்து முடிந்தது. அதிலும் அவருக்கு மனக்குறைதான். இடக்கால், வலக்கால் என்று பிரித்தால் இரண்டு பேருக்குப் பட்டம் வாங்கிக் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு.

ஆய்வு முறையியல்: உற்றுப் பார்த்தல்.

ஆதாரங்கள் இருவகை. பலகை, பில், காபிக் கோப்பை, பிளாஸ்டிக் பை ஆகியவை முதன்மை ஆதாரங்கள். அவற்றைப் பற்றி வரிசையில் நின்றவர்கள் சொன்னவை துணைமை ஆதாரங்கள். துணைமை ஆதாரங்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அவற்றுக்கே முதலிடம் தரப்பட்டுள்ளது.

இனி வரலாற்றுப் பின்னணி. எழுத்துருவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கக் கூடாது. ஆய்வேடு என்றால் இரண்டாம் இயல் வரலாற்றுப் பின்னணிதான். 1927-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் சவுத்லேண்ட் ஐஸ் கம்பெனி என்று ஒன்று இருந்தது. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வராத காலம். பனிக்கட்டி வாங்க வருகிறவர்களுக்கு முட்டை, பால், ரொட்டியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று அங்கே வேலை பார்த்த ஒருவருக்குத் தோன்றியது. கொடுத்தார், விற்றது. பனிக்கட்டி விற்ற இடம் மளிகைக் கடையாயிற்று. சில காலம் டோட்டெம் என்ற பெயரில் நடந்தது. 1946-இல், காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருக்கும் என்பதைப் பெயராகவே வைத்துவிட்டார்கள். அந்நாளில் அது வாய்பிளக்க வைக்கும் நேரம். 1960-களின் தொடக்கத்தில் டெக்சஸின் ஆஸ்டினில் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் முடிந்த ஓர் இரவு, கூட்டம் ஓயாமல் ஒரு கடை விடியவிடியத் திறந்திருந்தது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஆக, இந்தப் பெயர் பொருளை இழந்து ஓசையாக மட்டும் நிற்கும் பெயர். பழந்தமிழ் ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

1974-இல் டோக்கியோவின் டொயோசுவில் ஜப்பானின் முதல் கடை திறந்தது. முதல் வாடிக்கையாளர் வாங்கிய பொருள் கறுப்புக் கண்ணாடி. பலகையைக் கூச்சமில்லாமல் நெடுநேரம் பார்ப்பதற்காகவே அதை வாங்கினார் என்பது என் துணிபு. எனவே எழுத்துருவியலின் முதல் களஆய்வாளர் அவரே. இன்று ஜப்பானில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட கிளைகள். கம்பெனியே 2005-இல் முழுமையாக ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. தன் ஊரில் கவனிக்காத எழுத்தை அயலூரான் கவனித்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஏழு: அது எண், எழுத்தாராய்ச்சிக்கு வெளியே.

இடைக்கோடு: எழுதும்போது உண்டு, பலகையில் இல்லை. ஏழு முதல் பதினொன்று வரை என விரியும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்க.

அடுத்து, சொல். மச்சம், தழும்பு பார்த்து ஆளை அடையாளம் சொல்வதுபோலத்தான் எழுத்துருவையும் கண்டுபிடிக்கிறார்கள். பெரிய 'ஆர்' காலை எப்படி ஊன்றுகிறது, 'ஜி'க்கு மோவாய் உண்டா, 'க்யூ'வின் வால் உள்ளே நுழைகிறதா, சின்ன 'ஏ'யின் வயிறு எப்படித் தொங்குகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். ஹெல்வெட்டிகா என்ற எழுத்துருவின் 'ஆர்' காலைச் செங்குத்தாக இறக்கும். ஏரியலின் 'ஆர்' சாய்த்து நீட்டும். சின்ன 'டீ'யின் தலையை முன்னது மட்டமாகச் சீவும், பின்னது சாய்த்துச் சீவும். இந்தத் துறையில் பேர் வாங்கியவர்கள் எல்லாரும் 'ஆர்' காலைப் பிடித்து மேலே வந்தவர்கள்தான்.

இலெவன் என்ற சொல்லில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 'ஈ' மூன்று, 'எல்' ஒன்று, 'வி' ஒன்று. எல்லாம் நேர்கோடு. நேர்கோட்டுக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. மூன்று ஈயும் ஒன்றுபோல இருப்பதால் ஓர் ஈயை அடித்தால் போதும். அதுவும் ஆய்வில் மிச்சம் பிடித்த நேரம்தான். 'ஈ'யின் நடுக்கோடு மேல்கோட்டைவிடக் குட்டையா, சமமா என்று ஒரு சர்ச்சை எழுப்பலாம். இன்னோர் ஆய்வாளருக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

இருந்தாலும் ஊகிப்பவர்கள் ஊகிக்கத்தான் செய்கிறார்கள். 1957-இல் சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் மீடிங்கர் வரைந்து, 1960 முதல் ஹெல்வெட்டிகா என்று அழைக்கப்படும் எழுத்துருதான் என்பார் ஒரு சாரார். தடித்த எழுத்து எதைக் கண்டாலும் அவர்கள் இதையே சொல்வார்கள். அதே 1957-இல் வெளிவந்த, ஆத்ரியான் ஃப்ரூட்டிகரின் யூனிவர்ஸ் என்பார் இன்னொரு சாரார். இவர்கள் முதல் சாராரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஏரியல் என்பாரும் உளர். 1960-களின் இறுதியில் வந்த பலகைக்கு 1982-இல் பிறந்த ஏரியலை எப்படித் தந்தையாக்குவது என்று கேட்டால், பலகையின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளலாம் என்கிறார்கள். நம்மிடம் வழக்கம் காலத்தை முன்னுக்குத் தள்ளுவதுதான். பின்னுக்கும் தள்ளலாம் என்பது புதுச் செய்தி.

ஃபியூச்சரா கட்சி தனியாகக் குறிப்பிடத்தக்கது. பால் ரென்னரின் ஃபியூச்சரா ஜெர்மனியில் வெளிவந்தது 1927-இல்; டல்லஸில் பனிக்கட்டிக் கம்பெனி தொடங்கியதும் 1927-இல். ஒரே ஆண்டு! எழுத்துக்குப் பலகை கிடைக்கும் முன்பே, பலகைக்குப் பெயர் கிடைக்கும் முன்பே, இரண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் அமைந்துவிட்டது. வடிவத்தில் ஒற்றுமை இருக்கிறதா என்று பார்ப்பது மிகை. ஆண்டு பொருந்தினால் போதும் என்பதற்கு நம் இலக்கிய வரலாறுகளிலேயே முன்மாதிரிகள் ஏராளம்.

ஆக, சொல்லில் வளைவு உள்ள எழுத்து ஒன்றே ஒன்றுதான். அது கடைசி எழுத்தான 'என்'. சாட்சி சொல்லத் தகுதியுள்ள அந்த ஒரே எழுத்தைத்தான், மற்ற ஐந்தையும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, சின்ன எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள் (பில், மேல்வரி). அச்சுப்பிழை அன்று. கோப்பையிலும் அப்படியே காண்கிறது (காபிக் கோப்பை, இடப்பக்கம், மூடிக்கு இரண்டு விரல் கீழே, சூடாக இருக்கும்போது பிடித்துப் பார்த்தது). பையிலும் அப்படியே (பிளாஸ்டிக் பை, இடக்காதுக்குக் கீழ், ஆய்வாளர் கை தவறியதால் முட்டை உடைந்த பிரதியில் இப்பகுதி சிதைந்துள்ளது, சிதையும் முன் பார்த்தவர் வாய்மொழியைக் கொண்டு நிரப்பப்பட்டது). மூன்று பிரதிகளிலும் பாடபேதம் இல்லை. ஆனால் கம்பெனி தன் பெயரைச் சாதாரண வரியில் எழுதும்போது முதல் எழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டு மற்றதைச் சின்ன எழுத்தில் எழுதுகிறது. உரைநடைக்கு ஒரு வழக்கு, பலகைக்கு ஒரு வழக்கு. பலகை வழக்கைச் செய்யுள் வழக்கு என்று கொள்க.

ஏன் சின்ன எழுத்து? இங்கேதான் ஆய்வுலகம் பிளவுபடுகிறது.

வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது: 1960-களில் நிறுவனத் தலைவராக இருந்த ஜான் பி. தாம்ப்சனின் மனைவிக்கு எல்லாம் பெரிய எழுத்தில் இருந்த பலகை கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிந்ததாம். கடைசி எழுத்தையாவது சின்னதாகப் போட்டால் சாந்தமாக இருக்கும் என்றாராம். அப்படியே செய்துவிட்டார்கள். கதை இவ்வளவுதான். கேட்டதும் நம்பத் தோன்றுகிறது. ஆகவே ஆய்வுலகம் இதை ஏற்பதற்கில்லை. வீட்டு அம்மாள் சொன்னார், செய்தோம் என்றால் கோட்பாடு எங்கே நிற்கும்? ஒரு மேனாட்டுக் கோட்பாட்டாளர் பெயராவது அடிக்குறிப்பில் வர வேண்டாமா?

எண்ணுப் பெயரை அப்படியே வணிகச் சின்னமாகப் பதிய முடியாதென்று ஓர் எழுத்தைத் திருகிவிட்டார்கள் என்பாரும் உளர். வக்கீல்கள்.

கிழக்காசியாவில் ஃபெங் ஷுய் பார்ப்பவர்களிடையே ஒரு விளக்கம் உலவுகிறது. பெரிய 'என்' செல்வத்தை வெளியே தள்ளுமாம். சின்ன 'என்' லாடக் காந்தம் மாதிரி உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளுமாம். இந்தக் கட்சியை எளிதில் மறுக்க முடியாது. 80,000 கடை இருக்கிறது.

எம் கொள்கை இவை மூன்றுக்கும் வேறானது. இது னகரக்குறுக்கம்.

மெய்க்கு மாத்திரை அரை. போன்ம், மருண்ம் என்னும் இடங்களில் ஈற்று மகரம் தன் அரை மாத்திரையிலிருந்து குறைந்து கால் மாத்திரையாக ஒலிக்கும். அது மகரக்குறுக்கம் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது, தேர்வு முடிந்ததும் மறப்பது. மகரம் மெல்லினம். னகரமும் மெல்லினம். மகரம் ஈற்றில் குறுகும். இலெவன் என்பதில் னகரம் ஈற்றில் நிற்கிறது, குறுகியும் நிற்கிறது. இதைவிடச் சான்று வேண்டுவோர் ஆய்வை விட்டுவிட்டு வேறு தொழில் பார்க்கலாம்.

இதற்கு ஒரு தடை எழுப்புவர். முரட்டுத்தனமாக இருந்ததால் மென்மைப்படுத்தினார்கள் என்பது கதை. அச்சொல்லில் லகரமும் வகரமும் இடையினம், னகரம் மெல்லினம், மற்றவை உயிர். வல்லினமே இல்லாத சொல்லில் வன்மை எங்கிருந்து வந்தது? நல்ல கேள்வி. செவன் என்பதன் தலையில் ஒரு சகரம் உண்டு, அது வல்லினம். பலகையில் எண்ணுருவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒளிந்திருந்தும் கடைசி எழுத்து வரை அதன் வன்மை பாய்கிறது என்றால், பலகை பார்த்த அந்த அம்மையாரின் செவி எப்பேர்ப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்ததைச் செவி என்கிறேன் என்பர். கண்ணாலும் கேட்டதால்தான் அவர் சிறப்புக்குரியவர்.

கைவசம் இதைவிட வலுவான சான்று ஒன்று இருக்கிறது. சார்பெழுத்து மூன்று என்றது தொல்காப்பியம். பத்து என்றது நன்னூல். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? ஏழு. நன்னூலின் பத்தோடு எம் னகரக்குறுக்கத்தையும் கூட்டினால் எவ்வளவு? பதினொன்று. ஏழு, பதினொன்று! மயிர்க்கூச்செறிகிறது. கடை திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் வைத்துத்தான் 1946-இல் பெயர் சூட்டினார்கள் என்பதற்கு ஆவணம் இருக்கிறதே என்றால், இருக்கட்டும். ஓர் ஆவணம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கோட்பாட்டைக் கைவிடுவது ஆய்வு மரபு ஆகாது.

இக்கொள்கையை ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். நேரம் பத்து நிமிடம் என்று அழைப்பிதழில் இருந்தது. வாழ்த்துரைகள் நீண்டதால் மூன்று நிமிடமாயிற்று. தலைப்பையும் முடிவையும் வாசித்தேன். மற்ற கட்டுரைகளைக் கேட்ட பிறகு, நடுவில் இருந்ததை வாசிக்காததால் யாருக்கும் நட்டமில்லை என்று தெரிந்தது. கட்டுரைத் தொகுப்புக்கு ஐ.எஸ்.பி.என். எண் இருக்கிறது. அதைப் படித்தவர் இருவர். ஒருவர் மெய்ப்புத் திருத்தியவர்.

கேள்வி நேரத்தில் பின் வரிசையில் ஒருவர் எழுந்து, அந்த எழுத்தை யாராவது அளந்து பார்த்தீர்களா என்று கேட்டார். அச்சகத்தில் வேலை பார்க்கிறவராம். ஆய்வாளர் அல்லர். இருந்தாலும் மரியாதைக்காக அளந்து பார்த்தேன் (கடையின் கண்ணாடிக் கதவு, உள்பக்கம், இடவலம் மாற்றிப் படித்தது, மழைநாள் பிரதி, ஸ்டிக்கர் மறைத்த பகுதி ஊகித்து நிரப்பப்பட்டது, வரிசையில் பின்னால் நின்றவர் முனகியதால் மேல் பாதி ஒரு நாளும் கீழ் பாதி எதிரிலுள்ள பஸ் ஸ்டாப்பிலிருந்து இன்னொரு நாளும் அளக்கப்பட்டன, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நூலிழை வேறுபாடு இருந்தால் அது பஸ் குறுக்கே வந்ததால் என்க).

அந்த 'என்' குறுகவே இல்லை.

வடிவம்தான் சின்ன எழுத்து. உயரம் பக்கத்திலுள்ள 'ஈ'யின் உயரமேதான். தலை தலையோடும் அடி அடியோடும் ஒரே கோட்டில் நிற்கின்றன. சின்ன எழுத்து என்ற பெயரை வைத்துக்கொண்டு பெரியவர்கள் வரிசையில் சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. ஹெல்வெட்டிகாவில் சின்ன 'என்' பெரிய எழுத்தின் உயரத்தில் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். மற்றவற்றிலும் அது பெரிய எழுத்தைவிடக் குட்டைதான். அதை அப்படியே இழுத்துப் பெரிய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தால், கோட்டின் தடிமனும் கூடவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். பக்கத்து எழுத்துகளுக்கு நடுவே அது மட்டும் உப்பித் தெரியும். பலகையில் அப்படி உப்பவில்லை. அதாவது, எந்த எழுத்துருப் பெட்டியிலிருந்தும் அந்த 'என்' எடுக்கப்படவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பக்கத்து எழுத்தின் தடிமனைப் பார்த்து, அதற்கு ஏற்ப வளைவைக் கையால் வரைந்திருக்கிறார். மற்ற எழுத்துகளும் பெட்டியிலிருந்து வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நேர்கோடு போட எழுத்துரு எதற்கு?

அச்சகக்காரர் இதையே கருத்தரங்க வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். வரைந்த எழுத்துக்கு எழுத்துருப் பெயர் தேடுவானேன் என்றும் கேட்டார். இந்த மாதிரிக் கேள்விகளால்தான் ஆய்வுத் துறை வளர்வதில்லை. வரைந்தது என்று ஒரு வரியில் எழுதி முடித்தால் ஐந்து இயலை எங்கே வைப்பது? மூன்றாண்டு உதவித்தொகைக்கு என்ன கணக்குக் காட்டுவது? ஹெல்வெட்டிகாகாரரும் யூனிவர்ஸ்காரரும் ஒரே மேடையில் சமாதானமாகிவிட்டால் அடுத்த கருத்தரங்கை எதை வைத்து நடத்துவது?

எனவே முடிபு வருமாறு. செவன்-இலெவன் பலகையில் இருப்பது எழுத்துரு அன்று, வரைந்த எழுத்து. இது உண்மையாயினும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெறத்தக்கது. னகரக்குறுக்கக் கொள்கைக்கு இதனால் பழுதில்லை. குறுகியதா இல்லையா என்று அளந்த ஸ்கேல் சென்டிமீட்டரில் இருந்தது, மாத்திரையில் இல்லை. அயல்நாட்டு அளவுகோலால் அளந்து நம் இலக்கணத்தை மறுக்க வருவோரை முன்னரும் பார்த்திருக்கிறோம்.

மேலாய்வு செய்ய விரும்புவோருக்கு: 'ஈ'யின் நடுக்கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, சீக்கிரம் பதிவு செய்துகொள்ளவும். அளக்கப் போகும்போது கையில் ஒரு பால் பாக்கெட் எடுத்து வைத்துக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பகலில் வெயில் கண்ணாடியில் அடிக்கும், எழுத்தின் விளிம்பு சரியாகத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு மேல் போவது நல்லது. பதினொன்று என்று பலகையில் போட்டிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், கடை திறந்துதான் இருக்கும்.